தோலிருக்கச் சுளை விழுங்கிகள்

2013 செப்டம்பர் மாதத்தை செல்போன் பைத்தியங்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தோல் தொழில் நடக்கும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்த்திருக்க வேண்டிய மாதம் அது. மாதத் தொடக்கத்தில் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி நோட் 3 போனை அறிமுகப்படுத்தியது. அதன் முதுகு பார்வைக்குத் தோல், ஓரத்தில் வரிசையாகத் தையல். தொட்டால் பிளாஸ்டிக். தையலும் பிளாஸ்டிக்தான், நூலே கிடையாது, அச்சில் வார்த்தது. சில நாள் கழித்து ஆப்பிள் ஐபோன் 5எஸ் வந்தது, கூடவே 39 டாலருக்கு நிஜத் தோலில் ஓர் உறை. அதே மாதம் 18ஆம் தேதி வெளியான ஐஓஎஸ் 7 மென்பொருளில், அதுவரை திரையில் வரைந்து வைத்திருந்த தோலை எல்லாம் அதே ஆப்பிள் உரித்துப் போட்டது.

திரையில் தோலா என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். 2011இல் மேக் கணினியின் நாட்காட்டிக்குத் தோலட்டை போட்டிருந்தார்கள். மேல்விளிம்பில் தையல், கிழித்த தாளின் பிசிறுகூட உண்டு. நண்பர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் செயலிக்கும் தோல் உடுப்பு. நாட்காட்டியின் தோல், ஸ்டீவ் ஜாப்ஸின் சொந்த விமானத்துத் தோலைப் பார்த்து வரைந்தது என்று அப்போது பத்திரிகைகளில் அடிபட்டது. வடிவமைப்பாளர்களுக்குள் பெரிய சண்டை. மென்பொருளுக்கு இந்த வேஷம் எதற்கு என்பது ஒரு கட்சி. பழகிய பொருளாகத் தெரிந்தால்தான் புதியவர்கள் பயமில்லாமல் தொடுவார்கள் என்பது மறு கட்சி. இந்த இரண்டாம் கட்சியின் முக்கியப் புள்ளி ஸ்காட் ஃபோர்ஸ்டால் 2012 அக்டோபரில் ஓரங்கட்டப்பட்டார். திரை, ஆப்பிள் வடிவமைப்பாளர் ஜோனி ஐவ் கைக்குப் போனது, தோலும் போனது.

எனக்கு அந்தத் திரைத்தோல் மேல் கோபம் இல்லை. அதைப் பார்த்து யாரும் ஏமாறவில்லை, நன்றாகவும் வரைந்திருந்தார்கள். பிளாஸ்டிக்கில் தையலை வார்ப்பது வேறு சங்கதி. ஷூ கம்பெனியில் தையல் என்பது கணக்கு. அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று சரக்கு வாங்கும் பையர் எழுதிக் கொடுப்பார். குறைந்தால் பிடிமானம் போகும், கூடினால் ஊசித்துளைகள் நெருங்கி அந்தக் கோட்டிலேயே தோல் கிழியும். காலையிலிருந்து மாலை வரை அந்தக் கணக்கைக் கண்ணில் வைத்துத் தைக்கும் பெண்களுக்கு சாம்சங்கின் அந்த முதுகு ஒரு கேலியாகத்தான் தெரிந்திருக்கும்.

நிஜத் தோலை முயன்றவர்களும் இருந்தார்கள். 2014இல் மோட்டோரோலா, சிகாகோவின் பழைய டேனரியான ஹார்வீனின் தோலை மோட்டோ எக்ஸ் முதுகில் ஒட்டியது. 2015இல் எல்ஜி ஜி4 போனுக்குத் தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் வந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டுக் கப்பலேற்றிய நம் பகுதிக்கு அது ஒன்றும் புதிதல்ல. ஈஸ்ட் இந்தியா தோல் என்று பெயர் பெற்ற அந்தச் சரக்குக்கு 2008இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. 2018இல் எச்பி ஒரு மடிக்கணினிக்கே தோல் சட்டை போட்டது. ஸ்பெக்டர் ஃபோலியோ என்று பெயர். என் கண்ணுக்கு அந்த வரிசையில் அழகி அவள்தான். இதற்கிடையே மைக்ரோசாஃப்ட் 2017இல் தன் சர்ஃபேஸ் மடிக்கணினியின் விசைப்பலகையைச் சுற்றி அல்கான்டாரா என்ற இத்தாலியச் சரக்கை ஒட்டியது. மான்தோல் போல் மெத்தென்றிருக்கும். உண்மையில் பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் கலந்த துணி. உள்ளங்கை வியர்வை ஊறினால் அது என்ன நிறமாகும் என்று மே மாதத்து வேலூரில் உட்கார்ந்திருக்கும் யாரிடமும் கேட்டிருக்கலாம்.

பிறகு வந்ததுதான் 'வீகன் லெதர்'. 2021 வாக்கில் தொடங்கி இன்று நடுத்தர விலைப் போன்களில் சர்வசாதாரணமாகிவிட்ட முதுகு இது. ரியல்மி, மோட்டோரோலா, விவோ என்று யாரும் பாக்கியில்லை. ஆம்பூரில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பாயிடம் அப்படியொரு போனைக் கொடுத்தேன். கட்டைவிரலால் ஒரு தேய், விளிம்பில் நகத்தால் ஒரு நெருடல். "இன்னா தம்பி இது, ரெக்சினை ஒட்டி அனுப்பியிருக்கான்" என்றார். முப்பதாயிரம் ரூபாய் என்றேன். "ரெக்சினுக்கா?"

ரெக்சின் ஒட்டுவது குற்றமில்லை. கண்ணாடியைவிட அது நல்லது என்றே சொல்வேன். கையில் வழுக்காது, விழுந்தால் உடையாது, ரேகை படியாது. சைவம் என்ற பூச்சைப் பூசி பெட்ரோலியப் பொருளைப் புண்ணியப் பொருளாக்கி விற்பதில்தான் எனக்குச் சண்டை. இதே வேலையை ஒரு ஷூ கம்பெனி செய்துவிட்டு ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பிவிட முடியாது. 94/11 என்ற எண்ணுள்ள ஐரோப்பிய விதிப்படி ஷூவின் மேல்பாகம், உள்பாகம், அடிப்பாகம் மூன்றும் எதனால் ஆனவை என்று படக்குறி போட்டாக வேண்டும். தோல் என்றால் விரித்த தோலின் உருவம், துணி என்றால் வலை, வேறு பொருள் என்றால் ஒரு சாய்சதுரம். நிஜத் தோலாகவே இருந்தாலும் மேலே பூசிய பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் சும்மா தோல் என்று சொல்லிக்கொள்ள முடியாது. தோல் உருவத்துக்குள் ஒரு சாய்சதுரம் சேர்த்துப் 'பூச்சுத் தோல்' என்று போட வேண்டும். 2015 மே முதல், உடம்பில் படும் தோல் பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் இருந்தாலே சரக்கு உள்ளே போகாது. ஆம்பூரில் தைத்த ஒரு ஜோடி ஷூ சொல்ல வேண்டிய இத்தனை உண்மையை லட்ச ரூபாய் போனின் முதுகு சொல்ல வேண்டியதில்லை.

ஆப்பிளின் கதை இன்னும் சுவாரசியம். ஐபோனுக்கு முதல் தோல் உறை வந்து சரியாகப் பத்து வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், இனி எங்கள் புதிய பொருள் எதிலும் தோல் கிடையாது என்று அறிவித்தார்கள். பூமித்தாய் கம்பெனி மீட்டிங்குக்கு வந்து டிம் குக்கை மிரட்டுவதாக ஒரு நாடகமே எடுத்துப் போட்டார்கள். நடிப்பு ஆக்டேவியா ஸ்பென்சர். தோலுக்குப் பதில் வந்தது ஃபைன்வோவன் என்ற துணி. பெரும்பகுதி மறுசுழற்சிப் பாலியெஸ்டர், உறையின் விலை 59 டாலர். நகம் பட்டால் கோடு விழுகிறது என்று விமர்சகர்கள் முதல் வாரத்திலேயே கிழித்தார்கள். அடுத்த வருடம் ஐபோன் 16 வந்தபோது அந்த உறையைக் காணோம். சத்தமே இல்லை, மன்னிப்பும் இல்லை. மாடு வளர்ப்பதால் ஏறும் கரியமிலக் கணக்கைக் காட்டித்தான் தோலைத் தள்ளினார்கள். ஒரு வருடம்கூடத் தாங்காத உறையைச் செய்து, விற்று, குப்பையில் போட்டதற்கு எந்த மேடையிலும் கணக்குச் சொல்லவில்லை.

இதைப் பேசும்போது நம் குரலும் கொஞ்சம் தணிய வேண்டும். டேனரிக் கழிவு கெடுத்த பாலாறு நம் கண்ணெதிரே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே காசு கொடு என்ற விதி இந்தியச் சட்டத்தின் அங்கம் என்று அறிவித்தது. இந்த மண்ணின் கிணறுகளுக்காக எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பு இன்று நாடு முழுக்கச் சூழல் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. அதற்குப் பிறகும் 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி இந்தப் பகுதியின் டேனரிக் கழிவு பற்றியும் பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீடு பற்றியும் உத்தரவு போட வேண்டி வந்தது. தோல் உத்தமம், பிளாஸ்டிக் பாவம் என்று நான் சொன்னால் தோட்டத்துக் கிணற்றில் நுரை பார்த்த விவசாயி சிரிப்பார். ஆனால் தோல் தொழிலின் கணக்கை நீதிமன்றமும் பையரும் பத்திரிகையும் கேட்கிறார்கள். போன் கம்பெனியின் கணக்கை அந்தக் கம்பெனியே எழுதி, அதுவே நாடகமாகப் போட்டு, அதுவே கைதட்டிக்கொள்கிறது.

முதுகை விடுங்கள். உள்ளே இருப்பதற்கு வருவோம், அதாவது மென்பொருளுக்கு.

இந்தப் பகுதியில் நான் மனசாரப் பாராட்டும் மென்பொருள் எந்தக் கடையிலும் விற்காதது. தோலை வெட்டும் மேசையில் ஓடுவது. துணியை வெட்டுவது சுலபம், நீளம் அகலம் எங்கும் ஒரே மாதிரி. தோல் அப்படியில்லை. ஒவ்வொன்றும் ஒரு வடிவம். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, சூடு போட்ட தழும்பு என்று ஒரு மாட்டின் ஆயுள் முழுதும் அதில் எழுதியிருக்கும். முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் இழுவை. ஷூவின் முன்முகத்துக்கு முதுகுப் பக்கத்துத் தோல்தான் வேண்டும், அதுவும் இழுவை இல்லாத திசை விரலிலிருந்து குதிகாலுக்கு ஓடுமாறு. நாக்கு வயிற்றுப் பக்கத்திலிருந்து வந்தாலும் பாதகமில்லை. முன்பு இரும்பு டையைத் தோலில் வைத்து பிரஸ்ஸை இறக்குவார்கள். எங்கே வைப்பது என்ற கணக்கு முழுக்க கட்டிங் மாஸ்டரின் கண்ணில். இப்போது கேமரா தோலைப் படமெடுக்கிறது. பழுதை மாஸ்டர் குறித்துக் கொடுக்கிறார். எந்த இடத்தில் எந்தத் துண்டு என்று மென்பொருள் அடுக்கிக் காட்டுகிறது. கத்தி தானே ஓடுகிறது. தோல் சதுர அடிக் கணக்கில் வாங்கும் பொருள். ஷூ விலையில் பெரும் பங்கும் அதுதான். அடுக்குவதில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலும் லாபம் அங்கேயே நிற்கும். செயற்கை நுண்ணறிவு என்று பேஸ்ட் டியூப் வரைக்கும் எழுதும் காலத்தில், தன் வேலையை வாய்திறக்காமல் செய்யும் இந்த மென்பொருளை யாரும் மேடையேற்றுவதில்லை.

இதற்கு நேர் எதிர், அதே ஷூ கம்பெனியின் அலுவலக அறையில் இருக்கும் கம்ப்யூட்டர். 2025 அக்டோபர் 14இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கு ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஏறக்குறைய 2018க்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். அது இல்லாத கம்ப்யூட்டர், நன்றாக ஓடினாலும், கழிவு. இன்னும் ஒரு வருடம் பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்றால் உன் அமைப்புகளை என் கணக்கில் சேமி, இல்லாவிட்டால் 30 டாலர் கட்டு என்றது வீட்டுப் பயனாளர்களிடம். ஐரோப்பாவில் மட்டும், நுகர்வோர் அமைப்புகள் கேள்வி கேட்ட பிறகு, அந்த நிபந்தனையும் இல்லை, காசும் இல்லை. ஷூவைப் பரிசோதித்து வாங்கும் அதே ஐரோப்பாதான். கேட்கத் தெரிந்தவனுக்கு ஒரு விலை.

அந்த அலுவலகத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடும். 1986இல் கோயங்கா குடும்பம் தொடங்கிய பெங்களூரு கம்பெனியின் சரக்கு. அழகுப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறும். ஆனால் மவுஸைத் தொடாமல், திரையைப் பார்க்காமலேகூட, கணக்குப்பிள்ளை விரல் வேகத்தில் பில் போடுவார். பழகிய விரலை மதிக்கும் மென்பொருள் என்று வேறு எதையும் எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. சோஹோவின் மேல் எனக்கு மரியாதை உண்டு, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் விற்கும் துணிச்சலுக்காக. 2025 செப்டம்பரில் அதன் அரட்டை செயலிக்கு ஒரே வாரத்தில் கூட்டம் அலைமோதியபோது நானும் இறக்கினேன். நடுவில் யாரும் படிக்க முடியாத முழுமறையாக்கம் குறுஞ்செய்திகளுக்கு அப்போது இல்லை, அழைப்புகளுக்கு மட்டும்தான். சுதேசி என்பது சலுகை மதிப்பெண் அல்ல. பையருக்கு சாம்பிள் படமும் விலையும் வாட்ஸ்அப்பில் போய்க்கொண்டிருக்கும் ஊரில் இந்தக் குறை சின்ன விஷயமே இல்லை.

போன் கம்பெனிகளில் ஒரு நல்ல மாற்றமும் உண்டு, அதுவும் ஐரோப்பா பிடரியில் கைவைத்ததால் வந்தது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் போனுக்குப் பழுதுபார்க்கும் தரமதிப்பு ஒட்ட வேண்டும், விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடம் உதிரிபாகம் கிடைக்க வேண்டும், ஐந்து வருடம் மென்பொருள் திருத்தம் தர வேண்டும். நல்ல ஷூவுக்கு அடி தேய்ந்தால் புது சோல் போடலாம். ஆம்பூர் ஷூக்களிலும் பல ஒட்டுச் சோல்தான் என்பது உண்மை. என்றாலும் பேட்டைக்கு ஒரு செருப்புத் தைப்பவர் அதைப் பிரித்து ஒட்டிவிடுவார். இந்தியாவில் அப்படியொரு மதிப்பெண் கட்டாயமாகும்வரை என் யோசனை ஒன்றே: போன் வாங்கும்போது கேமராவைக் கேட்காதீர்கள். பேட்டரி மாற்ற எவ்வளவு, எத்தனை வருடம் அப்டேட் என்று கேளுங்கள். விற்பவர் முழித்தால் அடுத்த கடை.

ஒரு வேடிக்கை, இந்தக் கம்பெனிகள் எதுவும் நமக்குத் தூரமில்லை. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையின் ஒரு முனையில் ஸ்ரீபெரும்புதூர், மறுமுனையில் ஓசூர். இரண்டு பக்கமும் ஐபோன். ஒன்றில் ஃபாக்ஸ்கான், மற்றதில் டாடா. நடுவில் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் வந்த நோக்கியா எட்டு வருடம் கொடிகட்டிப் பறந்தது. நோக்கியாவின் போன் தொழிலை வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, 2013 செப்டம்பரில். வரிவழக்கில் முடக்கப்பட்டிருந்த இந்த ஆலையைக் கைகழுவியது. 2014 நவம்பர் 1இல் கதவு மூடியது. ஒப்பந்தம் பேசியவர்களுக்கு அது ஒரு அடிக்குறிப்பு. இங்கே எட்டாயிரம் பேர் வேலை பார்த்த இடம்.

2025இல் அமெரிக்கா வரிச்சாட்டை எடுத்தபோது இந்தச் சாலையில் இரண்டு விதமான வருடம் நடந்தது. ஏப்ரல் வரி அமலாகும் முன் ஆப்பிள் சென்னையிலிருந்து சரக்கு விமானங்களில் 600 டன் ஐபோன் ஏற்றிக்கொண்டு போனது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. ஆகஸ்ட் 27இல் இந்தியப் பொருள்களுக்கு வரி 50 சதவீதமானது; செல்போனுக்கு விலக்கு. ஷூவுக்கு இல்லை. ஆம்பூரில் பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள், சிலர் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள். அந்த மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓர் ஐபோனும், அதற்கென்று ஆம்பூரில் தைத்த ஒரு தோல் உறையும் நியூயார்க்கில் போய் இறங்கியிருந்தால், போன் அப்படியே வெளியே போயிருக்கும், உறை வரி கட்டிவிட்டுத்தான்.