அட்வான்ஸ் கொடுக்கும் முன் மேலிருந்து ஒரு பார்வை: சின்ன பிசினஸுக்கும் கைகொடுக்கும் சாட்டிலைட் மேப்!

குடோனுக்கு இடம் பார்க்கிறீர்கள். ரோடு பக்கத்திலேயே இருக்கிறது, வாடகையும் கம்மி. புரோக்கர் ‘இங்க தண்ணியே நிக்காது சார்’ என்கிறார். நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. பல சிறு நிறுவனங்களின் இயந்திரங்களும் சரக்கும் தண்ணீரில் மூழ்கின. இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது வாடகைக் கணக்கு மட்டுமல்ல. அந்த நிலம் இதற்கு முன்பு என்னவாக இருந்தது என்ற கணக்கும்தான். அதைப் பார்க்க உதவும் படங்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன.

எங்கே பார்க்கலாம்?

முதலில் கூகுள் எர்த். அதில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. இன்று ஷெட் நிற்கும் இடம் பத்து, பதினைந்து வருடங்களுக்கு முன் வயலா, ஏரியின் ஓரமா, வாய்க்காலா என்று ஒரு பார்வையிலேயே ஓரளவு பிடிபடும். இஸ்ரோவின் ‘புவன்’ தளத்தில் இந்தியா முழுவதுக்குமான வரைபடங்கள் உள்ளன. இன்னும் பழைய காலத்துக்குப் போக வேண்டுமானால் அமெரிக்காவின் லேண்ட்சாட். 1972 முதல் எடுத்த படங்களை 2008-லிருந்து இலவசமாகத் தருகிறார்கள்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 சாட்டிலைட்டுகள் சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. ஆனால் மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும். அப்போது உதவுவது சென்டினல்-1. ரேடார் மூலம் இயங்குவதால் மேகத்தைத் தாண்டியும் தரையைக் காட்டும். வெள்ளம் எதுவரை பரவியது என்று பார்க்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இடம் பார்க்க மட்டும்தானா?

இல்லை. டெலிவரி செய்யும் கடை என்றால், வாடிக்கையாளர் முகவரிகளை எக்செல் ஷீட்டாக கூகுள் ‘மை மேப்ஸ்’ஸில் ஏற்றிப் பாருங்கள். ஆர்டர் எந்தத் தெருக்களிலிருந்து குவிகிறது, அடுத்த கிளையை எங்கே போடலாம் என்பது புள்ளிகளாகத் தெரியும். போன் நம்பர், பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஏற்றுங்கள். அது வாடிக்கையாளரின் தனிப்பட்ட தகவல். சோலார் பேனல் போடுபவர்கள் வீட்டுக்குப் போகும் முன்பே மொட்டை மாடியின் பரப்பளவை மேப்பில் தோராயமாக அளந்துவிடலாம்.

டிரோன் விடலாமா?

துல்லியம் வேண்டுமென்றால் டிரோன்தான். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது, 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்ட் மனைக்கு இரண்டு புள்ளிகள் கிடைத்தாலே பெரிது! டிரோன் படத்திலோ சில சென்டிமீட்டர் வரை தெரியும்.

ஆனால் இஷ்டத்துக்குப் பறக்க விட முடியாது. 2021 டிரோன் விதிகளின்படி, பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையத்தைச் சுற்றி கட்டுப்பாடுகள் உண்டு. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோனை வணிகத்துக்கு இயக்க, பைலட் சான்றிதழும் தேவை. அதனால் சொந்தமாக வாங்குவதைவிட, சான்றிதழ் உள்ளவரை வேலைக்கு அமர்த்துவது பலருக்கும் லாபம். 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்களுக்குப் பிறகு, இந்திய நிறுவனங்கள் மேப் டேட்டா சேகரிக்க முன் அனுமதி, லைசென்ஸ் என்று அலைய வேண்டியதில்லை. டிரோன் விதிகள் மட்டும் தனி.

படம் எதைச் சொல்லாது?

கூகுள் எர்த் நிலத்தின் உயரத்தையும் காட்டும். ஆனால் அதில் சில மீட்டர் பிசகலாம். சென்னை போன்ற தட்டையான ஊரில் அந்தச் சில மீட்டர்தான் வெள்ளம் வருமா, வராதா என்பதையே தீர்மானிக்கும். அதேபோல, மேப்பில் தெரியும் கோடு சட்டப்படியான எல்லை ஆகாது. நிலம் யாருடையது என்பதைச் சாட்டிலைட் சொல்லாது. அதற்குத் தமிழக அரசின் இ-சேவை தளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் பாருங்கள்.

அப்போ என்ன செய்யலாம்?

அட்வான்ஸுக்கு முன் மூன்று வேலை. ஒன்று, பழைய படங்களில் அந்த இடத்தைப் பாருங்கள். இரண்டு, பட்டாவையும் புலப்படத்தையும் ஒப்பிடுங்கள். மூன்று, நேரில் போய்ப் பக்கத்து டீக்கடையில், ‘மழைல தண்ணி எது வரைக்கும் வந்துச்சுண்ணே?’ என்று கேளுங்கள். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம். ஒன்று மாறினாலும், இன்னொரு இடம் பார்ப்பதே நல்லது.