மீண்டும் எழுதத் தயங்கும் கைகள்

பாடசாலைக் காலத்தில் கதையும் கவிதையும் எழுதிப் பாராட்டுப் பெற்ற பலர், பின்னர் பேனாவைத் தொடாமலேயே வாழ்வதை ஊவா மாகாணத்தில் காண்கின்றோம். தோட்ட வேலை, கொழும்பில் கடைச் சிப்பந்தி வேலை, மத்திய கிழக்கில் வீட்டுப் பணி, குடும்பப் பொறுப்பு என இதற்கான காரணங்கள் பல. பதுளை, பசறை, அப்புத்தளை, வெலிமடை என எங்கும், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி இந்நிலை உள்ளது. ஓய்வு கிடைத்த பின்னரும் இவர்களைத் தடுத்து நிறுத்துவது 'இனி நம்மால் இயலுமா?' என்ற ஐயமேயாகும்.

இவ்வையத்திற்கு இரு காரணங்களைக் கூறலாம். நெடுநாளின் பின் எழுதும் முதற் பக்கத்தை, பலமுறை திருத்தி அச்சேறிய தமது பழைய படைப்போடு ஒருவர் ஒப்பிட்டு மனம் சோர்கிறார். அத்துடன், எழுதாதிருந்த ஆண்டுகள் முற்றாக வீணாகிவிட்டன என்றும் எண்ணுகிறார். இவ்விரண்டும் தவறான கணிப்புகளே என்பதற்கு இம்மண்ணின் மைந்தரான அமரர் தெளிவத்தை ஜோசப்பின் எழுத்துப் பயணம் சான்றாகும்.

பதுளை மாவட்டத்தின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934ஆம் ஆண்டு பிறந்த அவர், தாம் ஆசிரியராகப் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தமது பெயரோடு இணைத்துக் கொண்டார். 'காலங்கள் சாவதில்லை' நாவல் 1974இலும், 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதி 1979இலும் வெளிவந்தன. அதன் பின்னர் 1983 வன்செயல்கள் மலையக மக்களின் வாழ்வையும் உலுக்கின. அவரது அடுத்த புனைகதை நூலான 'பாலாயி' வெளிவந்தது 1997இலேயே ஆகும். இடைவெளி ஏறத்தாழ 18 ஆண்டுகள்.

பிறருடைய கதைகளைத் தேடித் தொகுத்த அவர், 'மலையகச் சிறுகதை வரலாறு' என்ற நூலை 2000ஆம் ஆண்டில் தந்தார். சந்தேகத்தின் பேரில் கைதாகும் தமிழரின் அவலத்தைப் பேசும் 'குடைநிழல்' 2010இல் வெளியானபோது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022இல் அவர் மறைந்தார். நூல்கள் வராத அக்காலத்தில் நாடு கண்ட துயரமே பின்னாளில் அவரது படைப்புக்குக் கருவாயிற்று என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

மீண்டும் எழுத விழைவோர் முதலில் பெருநூலொன்றைத் திட்டமிட வேண்டியதில்லை. நாளொன்றுக்கு அரைப் பக்கம் போதுமானது. சிறிதாயினும் இடைவிடாது செய்யப்படும் நற்செயலின் சிறப்பை நபிமொழி உணர்த்துவதை முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர். எழுதியதை அன்றே எடைபோடாது, சில நாட்கள் கழித்துத் திருத்துவதும், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாசித்துக் காட்டுவதும் பயன்தரும்.

கவ்வாத்து வெட்டிய தேயிலை மலை பார்வைக்குப் பட்டுப்போனது போலத் தோன்றும். ஆயினும் வேர் உயிரோடிருப்பதைத் தொழிலாளி அறிவார். தளிர் வரும்வரை பொறுத்திருப்பார். வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய பெண்ணின் அனுபவத்தை அவரைப் போல வேறெவரும் எழுதிவிட முடியாது. அவர் மௌனமாகவே இருந்துவிட்டால் ஒரு சமூகத்தின் வரலாற்றில் ஒரு பக்கம் எழுதப்படாமலே போய்விடும். ஐயம் முற்றாக நீங்கிய பின்னரே எழுதுவதென்று காத்திருக்க வேண்டாம். எழுத எழுதவே அது நீங்கும்.