மூவாரில் பூட்டு, ஒரகடத்தில் தவிப்பு

2020 செப்டம்பரில் ராயல் என்ஃபீல்டு ஏறத்தாழ 60 ஆயிரம் வண்டிகளை விற்றது. இந்தியாவில் கொரோனாவின் முதல் அலை உச்சத்தைத் தொட்ட மாதம் அது. ஓராண்டு கழித்து, கடைகள் திறந்து, கம்பெனி பஸ்கள் சென்னை அருகே வண்டலூர் – ஒரகடம் சாலையில் மறுபடி வரிசை கட்டிய பிறகு, 2021 செப்டம்பர் விற்பனை 34 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. வாங்க ஆள் இல்லாமல் அல்ல. ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளில் வேலைக்கு ஆள் குறைந்தும் அல்ல. நிறுவனம் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: சிப் தட்டுப்பாடு.

புல்லட்டுக்கு எதற்கு சிப்? 2019 ஏப்ரலில் இருந்து, 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்குகளிலும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பது அதனுள் இருக்கும் மின்னணுப் பெட்டி. அந்தப் பெட்டி இல்லாமல் பைக்கை விற்கச் சட்டம் விடாது. லட்சக்கணக்கில் விலைபோகும் வண்டி, நகத்தளவு சிப்புக்காகக் காத்து நிற்கும்.

அந்தச் சிப் பல நாடுகளைக் கடந்து வருகிறது. தைவானிலோ ஐரோப்பாவிலோ சிலிக்கன் தகட்டில் சுற்று பதிக்கப்பட்டதும், அதை வெட்டி, உறையிட்டு, சோதித்துப் பார்க்கும் வேலை பெரும்பாலும் ஆசிய நாடுகளில் நடக்கிறது. உலக அளவில் இந்த வேலையில் சுமார் 13 சதவீதம் மலேசியாவில். அங்கே 2021 ஜூன் 1 முதல் முழு ஊரடங்கு. ஜொகூர் மாநிலத்து மூவார் நகரில் இருக்கும் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் சிப் ஆலையும் தொற்றால் முடங்கியது. மூவாரில் பூட்டு விழுந்த சில வாரங்களில் இந்திய கார் கம்பெனிகள் உற்பத்தியைக் குறைக்கத் தொடங்கின. மாருதி 2021 செப்டம்பரில் வழக்கமான உற்பத்தியில் 40 சதவீதம்தான் முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது.

மலேசியாவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 2020 ஏப்ரலில் இந்தியாவுக்குள் விற்ற கார்களின் எண்ணிக்கை பூஜ்யம். உலகெங்கும் விற்பனை சரிந்தபோது கார் கம்பெனிகள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. வீட்டிலிருந்தே வேலை, ஆன்லைன் வகுப்பு என்று லேப்டாப்புக்கும் செல்போனுக்கும் கிராக்கி கூடியதால் சிப் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. பந்தியில் எழுந்து போனவர் திரும்பி வந்தால் அவர் இலையில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார் அல்லவா? அதுதான் நடந்தது. போதாததற்கு 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல், மார்ச்சில் ஜப்பானின் ரெனசாஸ் சிப் ஆலையில் தீ. அந்த ஆண்டு உலக வாகனத் துறை இழந்த வருமானம் 21,000 கோடி டாலர் இருக்கும் என்று அலிக்ஸ்பார்ட்னர்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம் மதிப்பிட்டது.

உள்ளூர் ஊரடங்கு செய்த சேதம் தனி. 1984இல் தொடங்கிய தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் சானடோரியம் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பலருக்கு மின்சார ரயில்தான் கால். 2020 மார்ச்சில் நின்ற ரயில் அக்டோபர் 5 அன்று ஓடியபோதும் அரசின் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஏற்றுமதி ஆர்டர் இருந்தும், வேலை பார்க்கும் கை வந்து சேர வழியில்லை.

2021 மே மாதம், இரண்டாம் அலையில், நிலைமை தலைகீழ். ஊரே கதவடைத்துக் கிடக்க, கார் ஆலைகளுக்கு மட்டும் விலக்கு. தொற்றுக்குப் பயந்து ஹூண்டாய் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள்; ரெனோ–நிசான் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. இரண்டு ஆலைகளும் சில நாள் மூடப்பட்டன. தொழிலாளர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது: ஓடும் அசெம்பிளி லைனில் இடைவெளி விட்டு நிற்பது நடக்கிற காரியமில்லை.

பெரிய ஆலைகள் செய்திகளில் இடம்பிடித்தன. திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் போல்ட்டும் புஷ்ஷும் பிராக்கெட்டும் செய்து தரும் பட்டறைகளைப் பற்றிப் பேசியவர் குறைவு. கார் கம்பெனிகள் ஸ்டாக் வைப்பதில்லை. தேவைப்படும் நேரத்தில் தேவையான அளவு வந்தால் போதும் என்பது அவர்கள் முறை. சிப் வராமல் லைன் நின்றால் அன்றைய லாரி பட்டறையிலேயே நிற்கும். முதல் அலையில், லேத் வாங்கிய கடனுக்கு ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணையை ஒத்திப்போட அனுமதித்தது. வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. இரண்டாம் அலையில் ஆக்சிஜன் மருத்துவமனைகளுக்குத் திருப்பப்பட்டது. 2021 ஏப்ரல் 22 முதல், சில தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு ஆக்சிஜன் கிடையாது. உயிர் காக்க எடுத்த அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கேஸ் கட்டிங், வெல்டிங் நம்பிப் பிழைக்கும் கடைக்கு அது இன்னொரு ஊரடங்கு.

ஏற்றுமதி செய்தவர்களைக் கன்டெய்னர் வாடகை வாட்டியது. ட்ரூரி நிறுவனத்தின் கன்டெய்னர் கட்டணக் குறியீட்டின்படி 2019இல் 40 அடி கன்டெய்னருக்கு சராசரியாக 1,420 டாலர். 2021 செப்டம்பரில் 10,377. விலையுயர்ந்த சரக்குக்கு இது தாங்கும். நிறைய இடம் பிடித்து, காசு குறைவாகத் தரும் பொருளுக்குத் தாங்காது.

மறைமலைநகர் ஃபோர்டு ஆலையையும் இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. பாதிதான் சரி. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று ஃபோர்டே சொன்னது. அது கொரோனாவுக்கு முன்பே ஊறிய நோய். ஆனால் அதைத் தூக்கி நிறுத்தியிருக்கக்கூடிய மஹிந்திரா கூட்டு முயற்சி 2020 டிசம்பர் 31 அன்று முறிந்தபோது, தொற்றால் மாறிவிட்ட உலகப் பொருளாதாரத்தை இரு நிறுவனங்களும் காரணம் காட்டின. 2021 செப்டம்பர் 9 அன்று விலகல் அறிவிப்பு. 2022 ஜூலையில் கடைசி கார். அந்த ஒரு வாயிலை நம்பி டை அச்சு போட்டு வைத்திருந்த பட்டறைகளுக்கு, சிப் திரும்பி வந்தும் ஆர்டர் திரும்பி வரவில்லை. 2025 அக்டோபரில் ஃபோர்டு மறுபடி தமிழ்நாட்டுடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறது: 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின், உற்பத்தி தொடக்கம் 2029. முழு கார் வராது. எஞ்சின் மட்டும்தான்.