மாற்றுச் சாளரம்

மாற்றுச் சாளரம் என்பது, குடியிருப்பில் உள்ள ஒரு வீட்டின் பழைய சாளரத்தை அகற்றிவிட்டு அதே திறப்பில் பொருத்தப்படும் புதிய சாளரம் ஆகும். கடுங்குளிர் நிலவும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெப்ப இழப்பைக் குறைக்கும் நோக்குடன் இவை பெருமளவில் பொருத்தப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் வீடுகளைச் சூடாக்கவும் குளிரூட்டவும் செலவாகும் ஆற்றலில் 25 முதல் 30 விழுக்காடு வரை சாளரங்களின் வழியான வெப்பப் பரிமாற்றத்தால் ஏற்படுகிறது என்று அந்நாட்டின் ஆற்றல் துறை மதிப்பிடுகிறது. சாளரத்தின் ஆற்றல் திறன் அளக்கப்படும் முறையும், அவ்வளவீடுகளைக் கொண்டு பல நிறுவனங்களின் விலைப்புள்ளிகளை ஒப்பிடும் முறையும் அந்நாட்டு நடைமுறையின் அடிப்படையில் இங்கு விளக்கப்படுகின்றன.

வெப்பம் கடக்கும் விதம்

சாளரத்தின் வழியே வெப்பமானது கடத்தல், சலனம், கதிர்வீச்சு ஆகிய மூன்று வழிகளிலும், இடுக்குகளின் ஊடான காற்றுக்கசிவாலும் கடக்கிறது. இரு கண்ணாடிகளுக்கு இடையே காற்றை அடைத்தால் கடத்தல் குறையும். இத்தகைய அமைப்புக்கு 1865 ஆம் ஆண்டிலேயே தாமசு இசுடெட்சன் என்பவர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கண்ணாடிகளுக்கு இடையிலான வெளி ஏறத்தாழ 12 மில்லிமீட்டராக இருப்பது பயன் தரும். இடைவெளி மேலும் கூடினால் உள்ளிருக்கும் காற்று சுழலத் தொடங்கிச் சலனத்தால் வெப்பத்தைக் கடத்தும். காற்றுக்குப் பதிலாக ஆர்கான் வளிமத்தை நிரப்பினால் இழப்பு மேலும் குறைகிறது.

கதிர்வீச்சைத் தடுப்பது குறை உமிழ்வுப் பூச்சு ஆகும். சாதாரணக் கண்ணாடியின் உமிழ்திறன் 0.84 ஆகும். கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லிய வெள்ளிப் படலம் பூசப்படும்போது இது 0.1க்கும் கீழே இறங்குகிறது. 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் இது குறித்த ஆய்வுகளை லாரன்சு பெர்க்லி ஆய்வகம் ஊக்குவித்தது. 1980களில் இப்பூச்சு சந்தைக்கு வந்தது.

அளவீடுகள்

1989 இல் தொடங்கப்பட்ட தேசிய சாளர மதிப்பீட்டு மன்றம் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு, சாளரங்களுக்கான சீரான சிட்டையை வழங்குகிறது. அதிலுள்ள முதன்மையான அளவீடுகள் பின்வருமாறு:

* யூ-மதிப்பு: வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதன் அளவு. குறைவாக இருப்பது நல்லது. அமெரிக்கச் சிட்டையில் உள்ள எண்ணை 5.678 ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்கு எத்தனை வாட் என்பது கிடைக்கும்.
* சூரிய வெப்ப ஈட்டுக் கெழு: சாளரத்தில் விழும் சூரிய வெப்பத்தில் உள்ளே வரும் பங்கு. இது 0 முதல் 1 வரை இருக்கும். வெப்பமான பகுதிகளில் இது குறைவாக இருக்க வேண்டும். குளிர்ப் பகுதிகளில் ஓரளவு கூடுதலாக இருப்பது நன்மை தரும்.
* ஒளி ஊடுருவல்: உள்ளே வரும் கட்புலனாகும் ஒளியின் பங்கு.
* காற்றுக்கசிவு: சட்டத்தின் இடுக்குகளின் வழியே நுழையும் காற்றின் அளவு.

எனர்ஜி ஸ்டார் முத்திரை பெறுவதற்கான வரம்புகள் தட்பவெப்ப மண்டலத்துக்கு ஏற்ப மாறுபடும். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வட மண்டலத்தில் யூ-மதிப்பு அடிப்படையில் 0.22 அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். தென் மண்டலத்தில் யூ-மதிப்பு 0.32ஐயும் சூரிய வெப்ப ஈட்டுக் கெழு 0.23ஐயும் மிகாதிருக்க வேண்டும்.

விலைப்புள்ளிகளை ஒப்பிடல்

இரு விலைப்புள்ளிகளின் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுவது பொருளற்றது. ஒவ்வொன்றிலும் பின்வரும் விவரங்கள் எழுத்தில் இருத்தல் வேண்டும்:

* முழுச் சாளரத்தின் யூ-மதிப்பு. கண்ணாடியின் நடுப்பகுதிக்கு மட்டும் அளந்த மதிப்பு பொதுவாகக் குறைவாக இருக்கும். விற்பனையாளர் இதைக் கூறினால் அதனை மற்றொரு நிறுவனத்தின் முழுச் சாளர மதிப்புடன் ஒப்பிடக்கூடாது.
* பொருத்தும் முறை. பழைய சட்டத்தை விட்டுவைத்து அதனுள் புதியதைச் செருகுவது மலிவானது. ஆனால் கண்ணாடிப் பரப்பு சற்றுக் குறையும். பழைய சட்டத்தைச் சுற்றியுள்ள கசிவும் மர உளுப்பும் அப்படியே இருக்கும். சட்டத்தையும் சேர்த்து மாற்றும்போது திறப்பின் ஓரங்களில் வெப்பக்காப்பும் நீர்த்தடுப்பும் செய்ய முடியும்.
* பழையதை அகற்றுதல், ஓரப் பலகைகள், வண்ணப்பூச்சு ஆகியவற்றின் செலவு விலையில் அடங்குமா என்பது.
* கண்ணாடி, சட்டம், பொருத்தும் வேலை ஆகியவற்றுக்குத் தனித்தனியான உத்தரவாதம்.

1978க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் ஈயம் கலந்த வண்ணப்பூச்சு இருக்கக்கூடும். அவ்வீடுகளில் இவ்வேலையைச் செய்யும் நிறுவனங்கள் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்னும் விதி 2010 முதல் நடைமுறையில் உள்ளது.

சேமிப்பைக் கணக்கிடுதல்

விற்பனையாளர் கூறும் சேமிப்பை வாங்குபவரே சரிபார்க்க இயலும். குளிர்கால வெப்ப இழப்பில் ஏற்படும் குறைவு பின்வரும் பெருக்கலால் கிடைக்கும்:

யூ-மதிப்பின் வேறுபாடு × பரப்பு × பாகை-நாட்கள் × 24

பாகை-நாள் என்பது ஒரு நாளின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 18 பாகை செல்சியசுக்கு எவ்வளவு கீழே உள்ளது என்பதாகும். ஓராண்டுக்கான கூட்டுத்தொகை சிக்காகோவில் சுமார் 3,500 ஆகும். எடுத்துக்காட்டாக, அங்குள்ள ஒரு வீட்டின் சாளரப் பரப்பு 15 சதுர மீட்டர் என்றும், எரிவளி உலையின் திறன் 90 விழுக்காடு என்றும், ஒரு தெர்ம் (29.3 கிலோவாட்-மணி) எரிவளியின் விலை ஒரு டாலர் என்றும் கொள்வோம். ஆண்டுச் சேமிப்பு பின்வருமாறு அமையும்:

* ஒற்றைக் கண்ணாடியிலிருந்து (5.0) பூச்சுடைய இரட்டைக் கண்ணாடிக்கு (1.5): 4,410 கிலோவாட்-மணி, சுமார் 167 டாலர்
* பூச்சற்ற இரட்டைக் கண்ணாடியிலிருந்து (2.8) அதே சாளரத்துக்கு (1.5): 1,638 கிலோவாட்-மணி, சுமார் 62 டாலர்
* பூச்சுடைய இரட்டைக் கண்ணாடிக்குப் பதிலாக (1.5) மேலும் சிறந்த சாளரம் (1.2): 378 கிலோவாட்-மணி, சுமார் 14 டாலர்

இறுதி வரியில் உள்ளவை, அமெரிக்க அலகில் ஏறத்தாழ 0.27, 0.22 என்னும் இரு சாளரங்கள் ஆகும். இவற்றுக்கான விலைப்புள்ளிகள் 1,500 டாலர் வேறுபட்டால், அத்தொகையை எரிபொருள் சேமிப்பால் மீட்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். காற்றுக்கசிவு, சூரிய வெப்பம், கோடைக்காலக் குளிரூட்டல் ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை. மின்சாரத்தால் நேரடியாகச் சூடாக்கப்படும் வீடுகளில் சேமிப்புத் தொகை கூடுதலாக இருக்கலாம். எனினும், ஒற்றைக் கண்ணாடியை மாற்றுவதில்தான் பெரும்பயன் உள்ளது என்பதும், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு படியிலும் பயன் குறைகிறது என்பதும் தெளிவாகும்.

பணச் சேமிப்பைத் தவிர வேறு பயன்களும் உண்டு. வெளியே −15 பாகையாகவும் உள்ளே 21 பாகையாகவும் இருக்கும்போது, ஒற்றைக் கண்ணாடியின் உட்பரப்பு உறைநிலைக்குக் கீழே செல்லும். பூச்சுடைய இரட்டைக் கண்ணாடியின் உட்பரப்பு 15 பாகையை ஒட்டி இருக்கும். இதனால் சாளரத்தின் அருகில் குளிர் உறைக்காது. நீர்த்துளி படிதலும் பூஞ்சையும் குறையும். வெளி இரைச்சலும் ஓரளவு மட்டுப்படும்.

மிகை விளம்பரமும் சட்டப் பாதுகாப்பும்

2012 பிப்ரவரியில், ஆற்றல் சேமிப்பை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக ஐந்து சாளர நிறுவனங்கள் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. தகுந்த அறிவியல் சான்றின்றி இத்தகைய கூற்றுகளை வெளியிடுவதில்லை என்னும் உடன்பாட்டுக்கு அந்நிறுவனங்கள் வந்தன.

விற்பனையாளர் வீட்டுக்கே வந்து விற்கும் 25 டாலருக்கு மேற்பட்ட பெரும்பாலான ஒப்பந்தங்களை மூன்று வேலை நாட்களுக்குள் நீக்கிக்கொள்ள இவ்வாணையத்தின் விதி இடமளிக்கிறது. எனவே "இன்று மட்டும் இந்த விலை" என்னும் வற்புறுத்தலுக்கு இணங்கிக் கையெழுத்திட்டவரும் வேறு விலைப்புள்ளிகளைப் பெற்று ஒப்பிட வாய்ப்பு உள்ளது.

2022 ஆம் ஆண்டின் சட்டப்படி சாளரங்களுக்கு ஆண்டுக்கு 600 டாலர் வரை கிடைத்த கூட்டாட்சி வரிச் சலுகை, 2025 ஆம் ஆண்டின் சட்டத்தால் அவ்வாண்டு டிசம்பர் 31 உடன் முடிவுற்றது. அதன் பின்னர் பொருத்தப்படும் சாளரத்துக்கான விலைப்புள்ளியில் இச்சலுகையைக் கழித்துக் காட்டினால் அது பிழையாகும்.

மாற்று வழிகள்

பழைய சட்டம் உறுதியாக இருந்தால், இடுக்குகளை அடைத்து, குறை உமிழ்வுப் பூச்சுடைய கூடுதல் கண்ணாடிச் சட்டம் ஒன்றை வெளிப்புறமோ உட்புறமோ பொருத்தலாம். இதன் செலவு முழுச் சாளரத்தை மாற்றுவதைவிடப் பொதுவாக மிகக் குறைவாகும். கூரையடி வெப்பக்காப்பு போதாத வீடுகளில் முதலில் அதைச் செய்வது, அதே பணத்துக்குக் கூடுதல் ஆற்றலைச் சேமிக்கக்கூடும்.

இவற்றையும் பார்க்க

* வெப்பக் கடத்தல்
* வெப்பக்காப்பு
* கண்ணாடி