ஒரு சாணுக்குள் ஒரு பீரங்கி

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மழைக்காலம் தொடங்கிவிட்டால், கிடங்குகளிலிருந்து எழும் சுக்கு, மிளகு மணமும் காயலின் ஈரமும் வீட்டுக்குள் வந்து குடியேறிவிடும். சென்ற ஆண்டு அவற்றோடு பிளாஸ்டிக் பசையின் நெடியும் சேர்ந்துகொண்டது. பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியுமாகிய நாங்கள், உணவு மேசையில் ஒரு பாதியைப் பீரங்கி ஒன்றுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தோம்.

வாசகர்கள் அஞ்ச வேண்டா. அது 13 சென்டிமீட்டர் நீளமே உள்ள பீரங்கி. ஒரு சாணுக்கும் குறைவு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டானியப் படைகளும் இந்தியப் படைகளும் பயன்படுத்திய '25 பவுண்டர்' பீரங்கியின் 35-இல் ஒரு பங்கு உருமாதிரி. அதன் குண்டு 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ளது என்பதால் அப்பெயர். மெய்ப்பீரங்கியின் நீளம் 4.6 மீட்டர்; குழலின் உள்விட்டம் 87.6 மில்லிமீட்டர். ஆறு பேர் கொண்ட குழு அதை இயக்கும். குண்டு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவு செல்லும். எங்கள் மேசையிலோ அந்தக் குழல்வாய் இரண்டரை மில்லிமீட்டர்தான். ஒரு மிளகைக்கூட அதற்குள் நுழைக்க இயலாது.

பெயர் புதிதாகத் தோன்றினாலும் இதன் குரலை வாசகர்களில் பலர் கேட்டிருப்பார்கள். தில்லியில் குடியரசு நாளன்று தேசிய கீதம் ஒலிக்கும் 52 விநாடிகளுக்குள் 21 முழக்கங்களை முழங்கி வந்தவை இப்பீரங்கிகளே. 2023-ஆம் ஆண்டுதான் இந்தியாவில் உருவான 105 மில்லிமீட்டர் பீரங்கிகள் அவ்விடத்தைப் பெற்றன. போர் முடிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பணியில் நீடித்த கருவி அது.

உருமாதிரிப் பெட்டியை 1970-களில் வெளியிட்டது ஜப்பானின் தமியா நிறுவனம். பர்மாப் போர்முனையில் ஜப்பானியப் படையை நோக்கி முழங்கிய பீரங்கியை ஜப்பானியரே இத்தனை நுட்பமாக வார்த்துத் தந்திருப்பது எங்களுக்கு வியப்பாகவே இருந்தது.

பெட்டியைத் திறந்தால், கிளையில் காய்கள் தொங்குவதுபோல் பிளாஸ்டிக் சட்டகங்களில் உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டுக் குறடால் ஒவ்வொன்றையும் நறுக்கி, வடுவை உப்புத்தாளால் தேய்த்து, பசையிட வேண்டும். இந்தப் பசை தாளொட்டும் பசையைப் போன்றதன்று. பிளாஸ்டிக்கையே இளக்கி இரு துண்டுகளையும் ஒன்றாக உருக்கிவிடும். ஆகவே விரல் தவறினால் விரல்ரேகையும் பீரங்கியின் பகுதியாகிவிடும். இத்தகைய பெட்டிகளில் குழல் பெரும்பாலும் இரு பாதிகளாகவே வரும். பொருத்திய கோடு தெரியாதவாறு தேய்க்க வேண்டும். ஒரே பக்கம் கூடுதலாகத் தேய்த்தால் வட்டம் முட்டையாகிவிடும். காப்புத் தகட்டின் சங்கதி வேறு. மெய்ப்பீரங்கியில் சில மில்லிமீட்டரே தடித்த எஃகுத் தகட்டை 35-ஆல் வகுத்தால் தாளின் தடிமன் வரும். அச்சில் அவ்வளவு மெல்லியதாக வார்க்க முடியாது. எனவே கண்ணில் படும் விளிம்புகளை மட்டும் கத்தியால் சுரண்டி மெலிதாக்கினோம். நான்கு மாலைகள் அதற்கே சென்றன.

இவ்வளவும் கைவேலை. எங்களைத் தடுத்து நிறுத்தியது வேறொன்று. எந்தப் பீரங்கியைச் செய்கிறோம்? எந்த நாட்டில், எந்த ஆண்டில் நின்ற பீரங்கி? நிறம், அழுக்கு, சில உறுப்புகள் உட்பட அனைத்தும் அந்த விடையைப் பொறுத்தவை. 'பொதுவான பீரங்கி' என்று ஒன்று எங்கும் நின்றதில்லை.

தேடியபோது கிடைத்த பெயர் நமக்கு அயலானதன்று. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தைச் சேர்ந்த பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி. அவர் பீரங்கிப் படையிலிருந்து வந்தவர் என்பதை நாங்கள் அதுவரை அறிந்திருக்கவில்லை.

அதன் பெருமை விளங்க, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு, மலைப் பீரங்கிப் படைகள் நீங்கலாக, இந்தியர் கையில் பீரங்கியைக் கொடுக்க ஆங்கில அரசு அஞ்சியது. துப்பாக்கி கொடுக்கலாம், பீரங்கி கூடாது என்பதே கொள்கை. இந்தியர்களைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் பிரிவு பெங்களூரில் எழுப்பப்பட்டது 1935-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாளில்தான். ஏழே ஆண்டுகளில், 1942 மே 27 அன்று, லிபியப் பாலைவனத்தில் பிர் ஹக்கீம் அருகே, மூன்றாம் இந்திய மோட்டார் பிரிகேடின் மீது இத்தாலியின் அரியேத்தே டாங்கிப் படை பாய்ந்தது. இரண்டாம் இந்தியக் களப் பீரங்கி ரெஜிமென்டின் 25 பவுண்டர்கள் எதிர்நின்றன. அவற்றுள் ஒரு பேட்டரியின் தலைவர் குமாரமங்கலம். பிரிகேடு சில மணி நேரத்திற்குள் சிதறடிக்கப்பட்டது; அவர் சிறைபிடிக்கப்பட்டார். இத்தாலியிலும் பின்னர் ஜெர்மனியிலும் போர்க்கைதியாக இருந்தார். அன்று காட்டிய துணிவுக்காக அவருக்கு 'டி.எஸ்.ஓ.' என்னும் உயர் விருது வழங்கப்பட்டது.

அந்தக் காலைப் பொழுதின் பீரங்கியைச் செய்வதென்று முடிவு செய்தோம். அதன்பின் ஒவ்வோர் உறுப்பும் எங்களிடம் கேள்வி கேட்கத் தொடங்கியது.

முதலில் குழல்முனை. இப்பீரங்கியின் படங்கள் பலவற்றில் முனையில் குமிழ்போல ஓர் உறுப்பு இருக்கும். வெடிக்கும் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, சுடும்போது பீரங்கி நிலைகுலையாமல் காப்பது அது. டாங்கிகளின் மீது முழு விசையுடன் சுட நேர்ந்த பட்டறிவால் 1942-இல்தான் அதைப் பொருத்தலாயினர். மே மாதப் பாலைவனப் பீரங்கிக்கு அது பொருந்தாது. எனவே எங்கள் குழலின் முனை வெறுமையாகவே இருக்கிறது.

அடுத்து வட்டத் தளம். சக்கரங்களுக்கு அடியில் விரிக்கும் இந்த இரும்பு வளையமே 25 பவுண்டரின் தனிச்சிறப்பு. சக்கரங்கள் அதன்மேல் ஏறி நின்றுவிட்டால், வால் சட்டத்தைப் பிடித்து ஒரே ஆள் பீரங்கியை எத்திசைக்கும் சுழற்றிவிடலாம். பயணத்தின்போது அது வாலுக்கு அடியில் தொங்கும். நாங்கள் அதைத் தரையில் விரித்துச் சக்கரங்களை ஏற்றினோம். டாங்கிகள் ஒரே திசையில் நின்று காத்திருப்பதில்லை.

தளத்தைச் சுற்றிப் பித்தளை உறைகளைச் சிதறவிட்டோம். இப்பீரங்கியில் குண்டு முதலில் செல்லும். வெடிமருந்து நிறைந்த பித்தளை உறை அதன்பின் தனியே செல்லும். சுட்டபின் உறை மட்டும் வெளியே வந்து விழும். எட்டு மில்லிமீட்டர் நீளமுள்ள அவ்வுறைகளின் வாயைத் துளைக்கருவியால் குடைந்து, உள்ளே கருமை தீட்டினோம். பெட்டியிலிருந்த வீரர் உருவங்களை வைக்கவில்லை. அவை பிரிட்டானிய வீரர்களுக்காக வார்க்கப்பட்டவை. இந்தியப் பீரங்கிக்கு அருகில் அவர்களை நிறுத்த எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

பாலைவன மணல் நிறம் பூசி முடித்ததும் ஓர் அசட்டுத் துணிவு பிறந்தது. ஜூன் மாதம், வெளியே கொட்டும் மழை. ஆயினும் வார்னிஷைத் தெளித்துவிட்டோம். சிறிது நேரத்தில் பீரங்கி முழுவதும் பால் பூத்ததுபோல் வெளுத்துவிட்டது. விரைந்து ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிரச் செய்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. லிபியாவின் பீரங்கிக்குக் கொச்சியின் மூடுபனி வந்து சேர்ந்தது. இருபது நாள் காத்திருந்து, வெயில் அடித்த ஒரு நண்பகலில், மெதுவாக உலரும் கரைப்பானை மெல்லிய புகைபோல் தெளித்தபோது பூச்சு இளகி வெண்மை மறைந்தது. மறையாமற் போயிருந்தால் மூன்று மாத உழைப்பைச் சுரண்டி எடுத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து ஈரமானியைப் பார்க்காமல் தெளிப்பானைத் தொடுவதில்லை.

மணலுக்கும் ஒரு கதை உண்டு. பக்கத்துக் கிடங்கில் பணியாற்றும் அண்ணாச்சி ஒருவர் வேலையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு வெளியூர்ப் பொடி? நம்ம சுக்குத்தூளைப் போடுங்க" என்றார். நிறம் அப்படியே பொருந்தியது. ஓர் அட்டையில் ஒட்டிப் பார்த்தோம். ஒரே வாரத்தில் பாலைவனத்தில் பூஞ்சை முளைத்தது. பிறகு ஓவியர்களின் சுண்ணக்கோலைப் பொடித்துத் தூவினோம். சுக்குத்தூள் அட்டையை அண்ணாச்சிக்குத் தெரியாமல் அப்புறப்படுத்தினோம்.

இப்போது பீரங்கி கண்ணாடிப் பெட்டிக்குள், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு இருக்கிறது. வீட்டுக்கு வருவோர் அனைவரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பீரங்கி என்றால் குழல் வானை நோக்கி நிமிர்ந்திருக்க வேண்டாமா? இதில் தரைக்கு நேராகக் கிடக்கிறதே, கழன்றுவிட்டதா? குழல் நிமிர்ந்திருந்தால், பகைவர் மலைக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருக்கிறார்கள் என்று பொருள். இந்தப் பீரங்கிக்கு எதிரே டாங்கி நேராக வந்துகொண்டிருந்தது என்று சொல்கிறோம்.