இருக்கையும் இயக்கமும்

லண்டன் மாநகரின் சிவப்பு நிற இரட்டை அடுக்குப் பேருந்துகளைப் படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னாளில் அப்பேருந்து ஒவ்வொன்றிலும் இருவர் பணியாற்றினர். ஓட்டுநர் பணிநேரம் முழுவதும் இருக்கையிலேயே அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக மேல்தளத்திற்கும் கீழ்த்தளத்திற்குமாக நாள்தோறும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்குவார். ஜெரமி மோரிஸ் என்னும் மருத்துவர் இத்தகைய ஊழியர்கள் பல்லாயிரவரின் நோய்க்குறிப்புகளை ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். மாரடைப்பு ஓட்டுநர்களிடையே மிகுந்தும் நடத்துநர்களிடையே குறைந்தும் காணப்பட்டது. வீடு வீடாகச் சென்று கடிதம் கொடுத்த அஞ்சல்காரர்களையும், அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரிந்த எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் இதே வேறுபாடு தெரிந்தது.

ஓட்டுநர்கள் பணியில் சேரும்போதே பருத்த உடலினராக இருந்திருக்கலாமே என்னும் ஐயம் இங்கு எழுவது இயல்பு. மோரிஸுக்கும் அது எழுந்தது. சீருடை தைப்பதற்காக எடுக்கப்பட்ட இடுப்பளவுக் குறிப்புகளை அவர் குழுவினர் தேடிப் படித்தனர். ஐயம் ஓரளவு உண்மையாகவே இருந்தது. ஆயினும், ஒத்த உடல்வாகு உடையவர்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் நடத்துநரின் இதயமே நலமாக இருந்தது. தையற்காரரின் அளவுக் குறிப்பு மருத்துவ ஆய்வுக்குச் சான்றானது வியப்பன்றோ!

விழித்திருக்கும் நேரத்தில் அமர்ந்தோ, சாய்ந்தோ, படுத்தோ, மிகக் குறைந்த ஆற்றலை மட்டும் செலவிட்டுக் கழிக்கும் நிலையையே அறிஞர்கள் ‘அமர்ந்த வாழ்க்கை’ என்பர். உறக்கம் இதில் சேராது. உடற்பயிற்சி செய்யாமையும் இதுவும் ஒன்றல்ல. காலையில் ஒரு மணிநேரம் பந்து விளையாடிய மாணவன், எஞ்சிய பொழுதெல்லாம் வகுப்பிலும் பேருந்திலும் கைப்பேசியின் முன்னும் அமர்ந்திருக்கக்கூடும். எட்டுப் பாடவேளைகள், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம் எனக் கணக்கிட்டால் பள்ளியில் மட்டுமே 320 நிமிடங்கள் ஆகின்றன. அதன் பின் தனிப்பயிற்சி வகுப்பு வேறு!

அமர்ந்திருக்கும்போது உடலின் பெருந்தசைகளான தொடைத் தசைகளும் பின்புறத் தசைகளும் ஏறக்குறைய ஓய்ந்துவிடுகின்றன. நாம் உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் எடுத்துக்கொள்பவை தசைகளே. அவை சுருங்கி விரியும்போது இன்சுலினின் துணையை மிகுதியாக வேண்டாமலேயே சர்க்கரையை ஈர்க்கும் ஆற்றலைப் பெறுகின்றன. ஓய்ந்திருந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே நெடுநேரம் தங்குகிறது. கெண்டைக்கால் தசைகளுக்கு மற்றொரு பணியும் உண்டு. ஒவ்வோர் அடியிலும் அவை காலிலுள்ள இரத்தத்தைப் பிழிந்து மேல்நோக்கி அனுப்புகின்றன. நீண்ட தொடர்வண்டிப் பயணத்திற்குப் பின் கால் வீங்கியிருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

இவ்விளைவுகள் எல்லா வயதினருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. தவழ்ந்தும் நடந்தும் உலகை அறிய வேண்டிய குழந்தையை, ஒரே நேரத்தில் ஒரு மணிநேரத்திற்கு மேல் வண்டியிலோ இருக்கையிலோ கட்டிவைத்தல் ஆகாது என உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. உங்கள் வயதில் எலும்பு வலுப்பெறுகிறது. ஓடுவதாலும் குதிப்பதாலும் எழும் அழுத்தமே எலும்பை உறுதியாக்கும். இளமையில் சேர்த்த இவ்வலிமையே முதுமையில் செலவாகும் சேமிப்பு. திறந்தவெளியில் மிகுதியான நேரம் கழிக்கும் சிறுவர்களுக்குக் கிட்டப்பார்வை ஏற்படும் வாய்ப்பும் குறைகிறது. ஆனால் தில்லி போன்ற நகரங்களில் நவம்பர் மாதத்துக் காற்று மாசினால் வெளி விளையாட்டே நிறுத்தப்படும் நாள்கள் உள்ளன. அத்தகைய நாளில் ‘விளையாடப் போகவில்லையா?’ என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வது முறையன்று.

இளைஞரின் உடல் அசைவின்மையை எளிதில் தாங்கும் என்று எண்ணிவிடலாகாது. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயதுடைய நலமான இளைஞர் ஐவரை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்தனர். கடும் உழைப்பின்போது உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் திறன் அவர்களிடம் பெரிதும் குன்றியது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் ஆராய்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது: முப்பது ஆண்டு முதுமை செய்த இழப்பைக் காட்டிலும், அன்று மூன்று வாரப் படுக்கை செய்த இழப்பே பெரிது! ஐம்பது வயதில் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்த பின்னர், இருபது வயதில் இருந்த திறனை அவர்கள் திரும்பப் பெற்றனர் என்பது இதன் மறுபக்கம். படுக்கை வேறு, இருக்கை வேறு எனினும், அசையாத உடல் எத்துணை விரைவில் தளர்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

நடுவயதினரை இது நீரிழிவாகவும் இதய நோயாகவும் தாக்குகிறது. நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கூறுகிறது. உணவும் மரபும் இதற்குக் காரணங்களே. அசைவின்மையும் அவற்றுடன் சேர்கிறது. 2022ஆம் ஆண்டு நிலவரப்படி, இந்தியரில் வயதுவந்தோருள் பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். அவர்களுள் பெண்களின் விகிதமே மிகுதி. நாள் முழுவதும் வீட்டுவேலை செய்யும் ஒரு தாய்க்கு, வெளியே சென்று நடப்பதற்கு நேரமோ பாதுகாப்பான இடமோ எளிதில் வாய்ப்பதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அலுவலகப் பணியை விட்டுவிட இயலுமா? இயலாது, வேண்டியதும் இல்லை. இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் மெல்ல நடந்தாலே, உணவுக்குப் பிந்தைய இரத்தச் சர்க்கரை குறைவதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2012இல் காட்டினர். நாள்தோறும் ஒரு மணிநேரத்திற்கும் சற்றுக் கூடுதலாக விரைந்து நடப்பவர்களுக்கு, நெடுநேரம் அமர்வதால் வரும் கேடு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது என்று பத்து இலட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வு தெரிவிக்கிறது. எனவே, நாற்காலியைப் புகையிலைக்கு ஒப்பிடுவது மிகைக்கூற்றே.

முதியோர் நிலையே மிகுந்த கவனத்திற்குரியது. நலமான முதியவர்கள் பத்து நாள் படுக்கையில் இருந்தபோது, கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தனர். இளைஞர் இழந்ததை மீட்பர். முதியவருக்கு மீட்பது அரிது. கால் தளர்ந்தால் எழுவதற்கு அஞ்சுவார். அஞ்சி அமர்ந்தால் கால் மேலும் தளரும். ஒருநாள் குளியலறையில் விழுவார். வருந்தத்தக்கது யாதெனில், இத்தளர்ச்சிக்கு நம் அன்பே சில வேளை துணைபோகிறது. “நீங்கள் உட்காருங்கள் தாத்தா, தண்ணீர் நான் கொண்டு வருகிறேன்” என்கிறோம். அவர் தாமே எழுந்து எடுத்திருந்தால், அதுவே அவருக்கு மருந்தாகியிருக்கும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது ஒரு செயல்பாட்டைச் செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் வைத்து, மூட்டுவலியோ தலைச்சுற்றலோ இல்லாத தாத்தாவை அதில் அமரச் செய்யுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் நிற்கட்டும். தாத்தா கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு முப்பது விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து நிற்கிறார் என எண்ணுங்கள். 65 முதல் 69 வயது வரையுள்ள ஆண்களுக்குப் பன்னிரண்டும், பெண்களுக்குப் பதினொன்றும் குறைந்த அளவாகக் கொள்ளப்படும். பாட்டிக்கும் இதனைச் செய்து, இருவர் எண்ணிக்கையையும் இப்பாடத்தின் ஓரத்தில் தேதியுடன் எழுதி வையுங்கள். எண்ணிக்கை குறைந்தால், மருத்துவரிடம் கேட்டு அவர்கள் நாள்தோறும் செய்யத்தக்க எளிய பயிற்சிகளை அறிந்து, விடுமுறை முடியும்வரை உடனிருந்து செய்யுங்கள்.