பாடபேதங்களால் பிழைக்கும் கிருமி

அம்பாசமுத்திரத்தைச் சூழ்ந்த தாமிரபரணிக் கரை வயல்களில், மழைக்குப் பின் வரப்போரங்களில் தானாக முளைக்கும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் காமாலைக்குக் கொடுப்பது பொதிகை அடிவாரத்து ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். நவீன விஞ்ஞானமும் அந்தச் செடியை அலட்சியம் செய்துவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், 'பி' வகைக் கல்லீரல் அழற்சிக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும், அவர்களுடைய சகாக்களும் 1988-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆராய்ச்சியில், கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்திலிருந்து அக்கிருமியின் அடையாளம் மறைந்ததாகக் கூறப்பட்டது. ஆயினும் பிற தேசங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. இவ்வளவும் 'பி' வகையைப் பற்றிய விவகாரம். அதற்கு அடுத்த எழுத்தைப் பெயராகக் கொண்ட 'சி' வகைக் கிருமியோ, சரீரத்துக்குள் புகுந்த பின்னும் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாகாமல், பசி மந்தமாகாமல், பல வருஷங்கள் மௌனமாக இருந்து கல்லீரலைச் சுருக்கும் சுபாவமுடையது.

அமெரிக்காவில் ஹார்வி ஆல்டர் என்னும் மருத்துவர், ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகள் பலருக்கு 'ஏ'யும் அல்லாத, 'பி'யும் அல்லாத ஏதோ ஒரு கிருமியால் கல்லீரல் கெடுவதை 1970-களில் நிரூபித்தார். பல வருஷப் பிரயாசைக்குப் பின் 1989-இல் மைக்கேல் ஹௌட்டனும் அவருடைய சகாக்களும் அதன் மரபுப் பொருளையே பிரித்தெடுத்து அடையாளம் காட்டினர். 'சி' எனப் பெயர் பெற்ற அந்தக் கிருமி ஒன்றே நோயை உண்டாக்கப் போதுமானது என்பதைச் சார்லஸ் ரைஸ் 1997-இல் ஐயமற ஸ்தாபித்தார். மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கண்டுபிடித்த பின்னரே இதன் விசித்திரம் விளங்கியது. சுமார் 9,600 எழுத்துக்களால் ஆன ஒற்றையிழை ஆர்.என்.ஏ.தான் இதன் முழுச் சொத்து. அதைப் பிரதி எடுக்கும் நொதிக்கோ, எழுதியதைத் திரும்பப் பார்த்துத் திருத்தும் சக்தி கிடையாது. நோயாளி ஒருவருடைய உடம்பில் ஒரு நாளைக்கு லட்சம் கோடி அளவில் புதிய கிருமிகள் உற்பத்தியாகும்போது, ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவர்களின் கைப்பிழைகளால் பாடபேதங்கள் பெருகியதைப் போல, ஒரே ரத்தத்தில் ஒன்றுக்கொன்று சிறிது மாறுபட்ட கிருமிக்கூட்டம் ஒன்று உண்டாகிவிடுகிறது. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களுக்குப் பிழைகள் பகையாக இருந்தன; இக்கிருமிக்கோ அவையே ஜீவாதாரம். உடம்பின் காவல் சக்தி ஒரு வடிவத்தை அடையாளம் கண்டு தாக்குவதற்குள், மேலுறை மாறிய மற்றொரு வடிவம் தப்பித்து வளர்ந்துவிடுகிறது. இதுவரை தடுப்பூசி கைகூடாததற்கு முக்கியக் காரணங்களுள் இது ஒன்று.

நெடுங்காலம் பெருகிய இப்பேதங்கள் இன்று எட்டு மரபணு வகைகளாகவும், அவற்றுள் பல உட்பிரிவுகளாகவும் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வகைக்கும் மற்றொன்றுக்கும் எழுத்துக்களில் நூற்றுக்குச் சுமார் முப்பது மாறுபடும். எகிப்தில் 4-ஆம் வகை மிகுந்திருப்பதற்கு, நத்தை வழிப் பரவும் புழு நோயைத் தீர்க்க முன்னாளில் கிராமந்தோறும் சுத்தம் செய்யாத ஊசிகளால் செலுத்திய மருந்தே காரணம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நம் தேசத்தில் 3-ஆம் வகையே மிகுதி; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செய்த ஆராய்ச்சிகளில் அதற்கு அடுத்தபடியாக 1-ஆம் வகையும், சிறுபான்மையாக 4-ஆம், 6-ஆம் வகைகளும் தென்பட்டன. எட்டாவது வகையோ, கனடாவில் சிகிச்சை பெற்ற, பஞ்சாபைப் பூர்வீகமாகக் கொண்ட நோயாளிகள் நால்வரிடத்தில் கண்டறியப்பட்டு 2018-இல் வெளியாயிற்று.

இந்த வகைபிரிப்பு வெறும் பாண்டித்தியத்துக்காக நிகழ்ந்ததன்று. இன்டர்ஃபெரான் ஊசியையும் ரிபாவிரின் மருந்தையும் நம்பியிருந்த காலத்தில் 2, 3-ஆம் வகையினருக்கு 24 வாரமும், 1-ஆம் வகையினருக்கு 48 வாரமும் சிகிச்சை தேவைப்பட்டது. அதன் பின்னும் 1-ஆம் வகையினரில் பாதிப்பேர் அளவே குணமடைந்தனர். எல்லா வகைகளிலும் மாறாது நிற்கும் உறுப்புகளைத் தேடி ஆராய்ந்ததன் பயனாக, சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் என்னும் மருந்துகள் சேர்ந்த மாத்திரை, வகை எதுவாயினும் பெரும்பாலோருக்குப் பன்னிரண்டே வாரத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குணம் தருகிறது. பேதங்களை நுணுகிக் கற்றவர்களாலேயே பேதம் பாராத ஔஷதத்தைச் செய்ய முடிந்தது.

ஆயினும் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் மட்டும் 55 லட்சம் பேர் இக்கிருமியைச் சுமந்திருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களுள் பலர் அதை அறியார். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி பரிசோதனையும் சிகிச்சையும் அரசாங்கச் செலவிலேயே கிடைக்கின்றன. ஆகவே, தானம் பெறும் ரத்தத்தில் இக்கிருமியைச் சோதிப்பது கட்டாயமாவதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், சிறுநீரக நோய்க்காக ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோரும், சுத்தமற்ற ஊசிக்கு உட்பட்டவர்களும், கண் மஞ்சளாகட்டும் என்று காத்திராமல், ஒரு முறை ரத்தத்தைச் சோதித்துக்கொள்வதே விவேகம். கிருமி எத்தனை வடிவம் எடுத்தாலும் மாத்திரை அதை வெல்லும். ஆனால் சோதனைக்கு வராதவருக்கு அந்த மாத்திரையால் ஒரு பயனும் இல்லை.